நீல ஆமை ஓடு

“நீ வெண்டால் பியர்ஃபித்துக்கு உன்னோட வாறன். நான் வெண்டால் இஞ்சைதான். பிறகு பேச்சில்லை.”

யோகநாதன் மகள் தர்மிளாவின் முகத்தைப் பாராமலே தொலைக்காட்சியைப் போட்டார்.

முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு. அதுவரை திரையைத் துணி போட்டு மூடியிருந்தது. இன்று காலைதான் அந்திரட்டிச் சடங்கு முடிந்தது. மனைவி சாரதாதேவிக்குப் படைத்த வடையின் மணம் அறையைவிட்டு இன்னும் போகவில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் உடைக்காத கடிதங்கள் ஒரு முழத்துக்குக் குவிந்து கிடந்தன. கடிதம் பார்ப்பது சாரதாதேவியின் வேலை. அவருக்கு எழுத்து ஓடாது. வாசித்துச் சொல்கிறவர்களையும் நம்பமாட்டார். அதனால்தான் தர்மிளா அவரைப் பியர்ஃபித்தில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப்போக நிற்கிறாள்.

தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த லா சப்பலை விட்டுப் போகலாம். ஆனால் சாரதாதேவி இருந்து எழும்பிய கதிரையையும் அல்லவா விட்டுப் போகவேண்டும்? அது நடக்காத காரியம்.

போட்டியென்றால் அவருக்குப் பயமில்லை.

2009 வைகாசியில், ஊர்ச் செய்தியைப் பார்க்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் கிடந்த நாட்களில், சாரதாதேவி இந்தக் கார்ட் பந்தய விளையாட்டை வாங்கிவந்து தொலைக்காட்சியில் பூட்டினாள். முதல் எட்டு வருடமும் யோகநாதன் வளைவுக்கு வளைவு பள்ளத்தில் விழுந்தார். சாரதிப் பரீட்சையில் நாலு தரம் தவறிய மனுசன். வாழ்க்கையில் ஓட்டிய வண்டி இது ஒன்றுதான்.

பிறகு அதே விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. அதையும் அவள்தான் வாங்கினாள். அன்றிலிருந்து அவர் விழவில்லை. ஒருநாள்கூட இல்லை. எட்டு வருடப் பழக்கம் கையில் ஏறிவிட்டது என்று மரக்கறிக் கடையிலிருந்து நகைக்கடை வரைக்கும் சொல்லித் திரிந்தார்.

அவர் முதலாவது. அவள் இரண்டாவது. எப்போதும்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிக்காது. வழியில் தொங்குகிற பெட்டிகள். முன்னுக்கு ஓடுகிறவன் மோதினால் வாழைப்பழத் தோல். கடைசியில் வருகிறவனுக்கு நல்ல நல்ல சாமான். பிந்தி வருகிறவனுக்கு அள்ளிக் கொடுக்கிற நியாயம் எந்தக் கடையில் இருக்கிறது?

“உனக்கு அதிர்ஷ்டம். எனக்குக் கை,” என்று அவளைச் சீண்டுவார்.

அவள் எங்கேயோ பின்னுக்குக் கிடந்து ஒரு நீல ஆமை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். எறிந்தால் முதலாவதாக ஓடுகிறவனைத் தேடிப்போய் வெடிக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து கோட்டைத் தாண்டுவாள்.

“எறியன், பாப்பம்!”

“எனக்குப் பொத்தான் தெரியாது.”

“நீ படிச்ச படிப்பு!” என்று அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

இப்போது தர்மிளா வண்டிகளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

“அப்பா, உங்கட வண்டியில என்ன அன்ரனாக் கம்பி?”

“அது முதலாவதா ஓடுறவனுக்குக் குடுக்கிறது.”

“மே நோன், இல்லையப்பா! இது வண்டி தானா வளையிறதுக்கு. சின்னப் பிள்ளையள் விழாமல் ஓடப் போடுறது.” அவள் எதையோ அமத்தினாள். அன்ரனா மறைந்தது. “இப்பதான் நியாயம்.”

முதல் வளைவில் விழுந்தார். முகிலில் வந்த ஆமை தூண்டில் போட்டுத் தூக்கிவிட்டது. இரண்டாவது வளைவிலும் விழுந்தார்.

“நீ என்னவோ பழுதாக்கிப்போட்டாய்.”

“நான் ஒண்டும் செய்யேல்ல. ஆர் உங்களுக்கு அதைப் போட்டுவிட்டது?”

இந்த வீட்டில் பொத்தான் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

“நீங்கள் அம்மாவை வெல்லுறதெண்டு சொல்லேக்க நான் நம்பினதேயில்லை,” என்றாள் தர்மிளா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் ஒருநாளும் அம்மாவை வெண்டதில்லை.”

கணினி ஓட்டுகிற வண்டிகளும் சேர்ந்த பன்னிரண்டில் அவர் பன்னிரண்டாவது. அவருக்குப் பின்னால் யாருமில்லை.

கடைசிச் சுற்றில் ஒரு பெட்டியில் மோதினார். பிறகு இன்னொன்று. இத்தனை வருடத்தில் அவர் கைக்கு வராத சாமான்கள் வந்தன. முதலில் ஒரு பெரிய கறுப்புத் துப்பாக்கிச் சன்னம். அது அவரை வண்டியோடு விழுங்கிக்கொண்டு பறந்தது. பத்து. ஏழு. நாலு. இரண்டு. இறக்கிவிட்டபோது முன்னால் வளைவே இல்லாத பாதை, அதில் மகளின் வண்டி, அதற்கப்பால் கோடு.

கையிலுள்ள சாமானைக் காட்டுகிற மற்றக் கட்டத்தில் நீல ஆமை ஓடு.

“ஐயோ, நீலம்! எறிஞ்சியளெண்டால் நான் முடிஞ்சன் அப்பா!”

சிரித்தாள். தாய் போன பிறகு முதல் சிரிப்பு.

அவருடைய பெருவிரல் பொத்தானில் இருந்தது. மெல்ல ஒரு அமத்து போதும். வீடு நிற்கும், கதிரை நிற்கும். அவருக்குப் பக்கத்தில் அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

மகளின் வண்டி கோட்டைத் தாண்டியது.

“ஏனப்பா எறியேல்ல?”

பெருவிரலை அவர் இன்னும் எடுக்கவில்லை.

“எனக்குப் பொத்தான் தெரியாது, பிள்ளை.”