பச்சை ராஜ்தூத்

“டேய், பார்த்துச் சுரண்டுடா! எங்க வீட்டுச் சீரா வந்த வண்டி. வண்டியவே தூக்கிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்?”

அடுப்படியிலிருந்து அம்மா மங்களாம்பிகை ஆரம்பித்துவிட்டாள். இளம்பரிதிக்குச் சிரிப்பு வந்தது. பேராவூரணியில் இந்தப் பாட்டைக் கேட்காத வீடே இல்லை.

அப்பா பஞ்சநதம்தான் காலையிலிருந்து உர்ரென்று இருந்தார்.

“பச்சை நல்லாத்தானே இருக்கு? அதுக்கு மேலாப்ல புது பெயிண்டை அடிச்சுட்டுப் போயேன்.”

“பழசை எடுக்காம அடிச்சா நிக்காதுப்பா.”

மாமனார் கொடுத்த வண்டி என்றாலே இவருக்கு இளக்காரம். மனசுக்குள் திட்டிக்கொண்டே, ராஜ்தூத் பைக்கிலிருந்து கழற்றி வைத்த பெட்ரோல் டேங்க்கில் பெயிண்ட் ரிமூவரைத் தடவினான். பச்சை பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது. தகட்டால் ஒரு தள்ளு. உள்ளே சிவப்பு. அதன்மேல் மஞ்சளில் ‘க. பஞ்சநதம்’.

“என்னப்பா, உங்க பேரு?”

“கத்தாதடா!” அடுப்படியைப் பார்த்தபடி பஞ்சநதம் கிசுகிசுத்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி தஞ்சாவூர்ல வேலை பார்த்தப்ப நான் வாங்கின வண்டி. அந்த வருஷம் உங்க பூதலூர்த் தாத்தாவுக்குச் சம்பா மொத்தமும் தண்ணியில போச்சு. சீர் வரலைன்னா எங்க அக்காமாருங்க உங்கம்மாவைச் சும்மா விட்டிருப்பாங்களா? பச்சையை அடிச்சு, சீரா கொடுக்கச் சொல்லி அவங்க வீட்டுல கொண்டுபோய் நிறுத்திட்டேன். அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாடா!”

காபி டம்ளர் சத்தம் நெருங்கியது. பஞ்சநதம் பாய்ந்து, தோள் துண்டால் டேங்க்கை மூடி, அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க இது கூத்து?”

அதற்குள் ரிமூவர் துண்டில் ஊறி வயிற்றுக்கு வந்துவிட்டது.

“ஐயோ, எரியுதே!”

அவர் துள்ளிய துள்ளலில் துண்டும் கூடவே போனது. மஞ்சள் எழுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

மங்களாம்பிகை எழுத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். தோட்டத்துக் குழாயை எடுத்து அவர் வயிற்றில் தண்ணீரைப் பீய்ச்சினாள். மூன்று பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

“இதை மறைக்கவா இந்தப் பாடு? மறுவீட்டுக்குப் போனன்னிக்கே எங்கப்பா அழுதுகிட்டே சொல்லிட்டாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டாரு.”

“அப்புறம் ஏம்மா ஊரெல்லாம் தாத்தா பெருமையே பேசினே?”

“தாத்தா பெருமையா?” மங்களாம்பிகை முந்தானையால் புருஷன் முகத்தைத் துடைத்துவிட்டாள். “வண்டியவே தூக்கிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்னு இத்தனை வருஷமா நான் சொன்னது, இந்த மனுஷனைத்தாண்டா!”