பென்சில் குறி

"எனக்கு என்னதான் ஆச்சுன்னு உனக்காவது தெரியுதாக்கா?" என்று செண்பகம் ஒருநாள் கேட்டாள். அந்த வீட்டில் அவள் பேசியது அக்கா கஸ்தூரியிடம் மட்டும்தான். "தின்ன கொழுப்புல படுத்துக் கிடக்குறா" என்று அப்பா எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். கஸ்தூரி நூலகத்திலிருந்து மனநோய் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, செய்தித்தாளில் அட்டை போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்தாள். அன்றிலிருந்து தங்கையை அவள் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. எத்தனை மணிக்கு எழுந்தாள், குளித்தாளா, தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தாள் என்று கவனித்து, புத்தகத்தில் இருந்த அறிகுறிப் பட்டியலில் பென்சிலால் டிக் அடித்தாள்.

ஒரு மத்தியானம் அவள் அடுப்படிக்குள் நுழைந்தபோது, செண்பகம் தரையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணுக்குப் பத்து. நான் பாஸாக்கா?"

"உன் நல்லதுக்குத்தான்டி..."

"அப்பா மூஞ்சிக்கு நேரா திட்டுறாரு. நீ எனக்குத் தலை வாரிவிட்டுக்கிட்டே உளவு பாத்திருக்க."

கஸ்தூரி புத்தகத்தைப் பிடுங்கப் போனாள். செண்பகம் விடவில்லை. அட்டைக்குள் செருகியிருந்த பென்சிலை உருவி, டிக் விழாமல் இருந்த ஒரே வரியைத் தேடிப் பிடித்தாள். 'வீட்டில் யாரோடும் பேசமாட்டார்.' காகிதம் கிழியும்படி அதில் அழுத்தி ஒரு டிக் அடித்தாள். புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு, வாசலை மறித்து நின்ற அக்காவை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனாள்.