நன்றி, வணக்கம்

கணவர் நீட்டிய காபி டம்ளரை வாங்கிக்கொண்டு கோமளா "நன்றிங்க" என்றாள். நேற்று செருப்பை எடுத்துக் கொடுத்ததற்கும் அதையேதான் சொன்னாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் வீட்டுக்குள் புழங்காத சொல். தொழிற்சங்கக் கூட்டங்களில் முழங்கிய தணிகாசலத்துக்கு அது பேச்சை முடிக்கிற சொல். போன மாதம்தான் மாரடைப்பிலிருந்து பிழைத்திருந்தார்.

"டாக்டர் எனக்கு நாள் குறிச்சிட்டாரா? மறைக்காம சொல்லு."

"அய்யய்ய, உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. தெனமும் நன்றி சொன்னா மனசு தெம்பா இருக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"எந்த ஆஸ்பத்திரியில? நாம போற எடத்துல யாரும் அப்படிச் சொல்லலையே."

கோமளா காபியைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

மேடையில் நன்றி சொல்வது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இல்லை, இறங்கப் போகிறவர் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.