இரவல் கதை

ஊர்ச் சந்தையில், பழம்பொருள் விற்பவர் விரித்த சாக்கின் மேல் இரண்டு பித்தளைக் கூஜாக்கள் இருந்தன. மூத்தது நூறு வயதானது. வீட்டுக்காரர்கள் தினமும் புளி போட்டுத் தேய்த்ததில் இன்னும் பளபளத்தது. இளையது போன மாதம் செய்தது. மண்ணில் புதைத்துக் கறுக்க வைத்திருந்தார்கள்.

வெளியூர்ப் பயணி ஒருவர் இளையதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான் அசல் பழசு. எனக்கு இதுவே போதும்."

இளையது பதறியது. "அண்ணே, எந்த வீட்டில் இருந்தாய் என்று அங்கே கேட்டால் என்ன சொல்வேன்?"

"ரயிலில் கைக்குழந்தைக்குப் பால் கொண்டுபோனேன் என்று சொல். குழந்தையின் பெயர் சௌந்தரம்."

"அது உங்கள் கதையாயிற்றே! உங்களைக் கேட்டால்?"

"என்னை யார் கேட்கப்போகிறார்கள்? நீ எடுத்துக்கொள்."

பயணியின் பை கூட்டத்தில் மறையும்வரை மூத்தது பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பின் அந்தச் சாக்கின் மேல் அதோடு பேச யாருமில்லை.