புட்டிக்குள் இருந்த தோட்டம்

"உன் மரவள்ளித் தோட்டம் மொத்தத்தையும் இந்தச் சின்னப் புட்டிக்குள்ள வளர்த்தேன், லாம்வாகா! விட்டிருந்தா குலு ஊரையே மூடியிருக்கும்!" என்றபடி பயிர் அதிகாரி ஓச்சன் நாற்றுகளை இறக்கினார்.

"அதை எரிச்சதே நீங்கதான், ஆபீசரே. புளுகாம போங்க."

நோய் கண்ட செடிகளோடு, அவள் அம்மா தந்த ரகமும் அவர் எரித்த அன்று சாம்பலானது. அதன்பின் அவளுக்கு எதிலும் பிடிப்பில்லை. இந்த நாற்றுகளையும் ஏனோதானோவென்றுதான் நட்டாள்.

பத்து மாதம் கழித்து, வெந்த கிழங்கைக் கடித்தவள் மென்று விழுங்க மறந்தாள்.

"தீ வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு குச்சி ஒடிச்சேன்," என்றார் பார்க்க வந்திருந்த ஓச்சன். "அதோட கடுகளவு கொழுந்தை ஆய்வுக்கூடத்துப் புட்டியில வளர்த்து நோயைப் போக்கினோம். எரிச்ச அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீதான் என் வாய் நிறைய மண்ணை வாரி எறிஞ்சியே!"

இன்னொரு துண்டைக் கடித்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்கம்மா கிழங்குதான், ஆபீசரே. நீங்க சொன்னது புளுகில்ல."