டிக் இல்லாத வயல்

பயிற்சித் திடலில் செல்லி மண்ணைக் கீறினால், தர்சிகா கையிலிருக்கும் விசையை அழுத்துவாள். டிக் என்ற சத்தம் கேட்டதும், கண்ணிவெடியை மணந்து காட்டப் பழக்கிய அந்தப் பெரிய எலி ஓடிவந்து வாழைப்பழத் துண்டை வாங்கிக்கொள்ளும். அங்கே வெடிமருந்தைப் புதைத்ததே தர்சிகாதான். இன்று உண்மையான கண்ணிவெடி வயல். இங்கே எது எங்கே புதைந்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. பிழையான இடத்துக்கு ஒரு டிக் கொடுத்தாலும் எலியின் பழக்கம் கெட்டுவிடும். ஆகவே இங்கே டிக்கும் கிடையாது, பழமும் கிடையாது.

தர்சிகாவும் நகுலேசனும் இரு முனையில் பிடித்திருந்த கயிற்றோரமாக நடந்த செல்லி நடுவயலில் நின்று கீறியது. திரும்பித் தர்சிகாவைப் பார்த்தது. அவளுடைய கட்டைவிரல் விசைமேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. செல்லி சற்று நேரம் காத்திருந்தது. பிறகு அதே இடத்தை மறுபடி கீறியது.

கயிற்றின் மறுமுனையில் நின்ற நகுலேசன்தான் பின்னேரம் அந்த இடத்தைத் தோண்டவேண்டியவர். "உண்மையா மணந்துதோ பிள்ளை, இல்லாட்டிப் பழத்துக்குச் சும்மா கீறுதோ?" என்று கத்திக் கேட்டார்.

"பழம் இல்லையெண்டு அதுக்கு விளங்கியிட்டுது அண்ணை. விளங்கின பிறகுதான் ரெண்டாந்தரம் கீறினது" என்றாள் தர்சிகா, தலையை நிமிர்த்தி.

கயிறு அடுத்த வரிசைக்கு மாறியது. செல்லி பாதி தூரம் போய், நின்று, கீறியது. நகுலேசன் இம்முறை கேளாமலே இடத்தைக் குறித்துக்கொண்டார். செல்லியும் திரும்பிப் பார்க்கவில்லை.