வியாழக்கிழமைக்காரர்

"உப்பு கூடிப்போச்சு, சிஸ்டர்."

மர உருளை திரும்பியது. சற்று முன் வெளியே போன பெட்டி உள்ளே வந்தது. கூடவே கொஞ்சம் பனிமூட்டமும். ஆறு பாதாம் இனிப்புகளில் ஒன்றில் மட்டும் கடித்த தடம்.

சிஸ்டர் பிளாச்சிதாவுக்கு முகம் சிவந்தது. மடத்துச் சுவரில் பதித்த, பொருளை வைத்துச் சுழற்றும் அந்த உருளைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் எரிச்சே மலையூரின் தெரு. பத்தொன்பது வருஷமாக வாங்குகிறவர்களை அவள் குரலாகத்தான் அறிவாள். இந்தக் குரல் வியாழக்கிழமைக் குரல். போன வாரம் கசப்பு என்றது. அதற்கு முந்தின வாரம், எலுமிச்சை வாசனை போதவில்லை என்றது.

"வேற தரட்டுமா?"

"வேண்டாம். காசும் திருப்ப வேண்டாம். நீங்களே தின்னு பாருங்க, என்ன தப்புன்னு."

அவருக்குப் பின்னால் நின்ற பெண் பொறுக்கவில்லை. "குறை சொல்றதுக்குன்னே கீழே திராப்பானியிலேர்ந்து மலையேறி வர்றாரு பாரு! இங்க எந்தக் கல்யாணத்துக்கும் இந்த இனிப்புதான். இவருக்கு மட்டும் உப்பாம். நாக்கைக் கழுவிட்டு வாங்க, திராப்பானிக்காரரே!"

"நாக்கு நீளமா இருந்தா ருசி தெரியாதும்மா."

ஈரக்கல் படிகளில் அவர் காலடிச் சத்தம் இறங்கிக் கரைந்தது.

திரும்பி வந்ததை விற்க முடியாது. "தின்னு பார். குறையைக் கண்டுபிடி" என்று மடத்துத் தலைவி மதர் எர்சிலியா முதல் வாரமே சொல்லியிருந்தார்.

பிளாச்சிதா கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். பாதாம் கரைந்தது, உள்ளே நாரத்தைப் பாகு. ஜன்னலுக்கு வெளியே மேகம் ஏறி வந்து தோட்டத்துக் கிணற்றை மூடியது. மடமே தரையை விட்டுக் கிளம்பி மிதப்பதுபோல் இருந்தது. உப்பு எங்கே என்று தேடுவதற்குள் துண்டு தீர்ந்துவிட்டது.

"தெரியலை, மதர்."

"கொடு, நான் பார்க்கறேன்."

மதரும் தேடினார். மற்ற நான்கு கன்னியரும் நிதானமாகத் தேடினார்கள். ஒருவருக்கும் அகப்படவில்லை.

பதினோரு வியாழன் இப்படியே போயிற்று.

பன்னிரண்டாவது வியாழன் மதர் வந்து உருளைக்குப் பக்கத்தில் நின்றார். "நமக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாங்கறவர் சொல்றதுதானே பேச்சு. ஊரே பேச ஆரம்பிச்சாச்சு. நாளையிலேர்ந்து அடுப்பை சிஸ்டர் அஞ்ஜெலிக்கா பார்த்துக்கட்டும். நீ சலவைக்குப் போ."

அடுப்பில்லாமல் தன் கைகளை என்ன செய்வது என்று பிளாச்சிதாவுக்குத் தெரியவில்லை.

வெளியிலிருந்து மணி ஒலித்தது. பெட்டி போயிற்று. திரும்பி வந்தது.

"இன்னைக்கு வெந்தது போதலை, சிஸ்டர்."

உருளையடியில் விற்பனைப் பேச்சைத் தவிர வேறு பேசக்கூடாது. மதர் பக்கத்திலேயே நின்றார். இருந்தும் பிளாச்சிதா பேசினாள்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. என்னதான் தப்பு? இன்னையோட என்னை அடுப்புலேர்ந்து எடுக்கறாங்க."

பனிமூட்டம் உருளையின் இடுக்கு வழியே வந்து அவள் விரல்களைத் தொட்டது.

"ஐயையோ! ஒரு தப்பும் இல்லை, சிஸ்டர். இதைப்போல நான் எங்கேயும் தின்னதில்லை."

"அப்புறம் ஏன்?"

"முதல் தடவை வந்தப்போ, எது ருசியா இருக்கும்னு கேட்டேன். 'தெரியாது ஐயா, விக்கறதுக்குச் செஞ்சதை நாங்க வாயில வைக்கறதில்லை'ன்னு சொன்னீங்க. கீழே போய்ச் சேர்ற வரைக்கும் மனசு கேக்கலை. அன்பளிப்பா கொடுத்தா ஏழைங்களுக்குப் போயிடும்னு ஊர்ல சொன்னாங்க. ஆகாததைத்தானே உங்களுக்குன்னு விட்டுவைப்பாங்க?"

பிளாச்சிதாவுக்கு மதரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மதர் உருளையின் முன் குனிந்தார்.

"ஆமாங்கய்யா, சுத்தமா வேகலை. எங்ககிட்டயே விட்டுட்டுப் போங்க. அடுத்த வாரமும் இவதான் செய்வா. கவனமா தின்னு பார்த்துச் சொல்லுங்க."